வெளியே தெரியும் இரண்டு கால்கள்

மெக்கானிக் தொழிலில் பாதி வேலை மல்லாந்து படுத்துச் செய்வது. மீதிப் பாதி, அப்படிப் படுத்திருப்பவரின் காலைப் பார்த்தபடி பக்கத்தில் குத்த வைத்துச் செய்வது. அந்த இரண்டாவது பாதியை நான் ஏழு வருஷம் செய்தேன்.

வீட்டு வாசலிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பட்டப்பகலிலும் வண்டிக்கு அடியில் இருட்டுத்தான். டார்ச்சை நீங்கள்தான் பிடிக்க வேண்டும். எங்கே பிடித்தாலும் அது தப்பான இடமாகத்தான் இருக்கும். "இங்க இல்ல, அங்க" என்று அடியிலிருந்து ஒரு குரல் வரும். மல்லாந்து கிடப்பவரின் 'அங்க' எது என்று குத்த வைத்திருப்பவளுக்கு எப்படித் தெரியும்? பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கேட்டவருக்குப் பதினாலைக் கொடுத்துத் திட்டு வாங்காதவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். மறைமலை நகரில், காருக்கு வயர் கட்டிக் கொடுக்கிற ஒரு கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். எங்கள் ஸ்டாஃப் வேனுக்கு ரிப்பேர் பார்க்க வந்த உள்ளூர்க்காரர் ஏழுமலை. வேன் சரியாகிப் போன பிறகும் அவர் வந்துகொண்டிருந்தார். கல்யாணமாகி, ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் போகிற ரோட்டில் வாடகைக்கு வீடு பிடித்தோம். முன்னால் ஒரு வேன் நிற்கிற அளவுக்கு மண்தரை. சுற்றிலும் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த நேரம். கம்பெனி வந்தால் வேன் வரும், வேன் வந்தால் ரிப்பேர் வரும் என்று இவர் லாரி ஷெட் வேலையை விட்டுவிட்டு அந்த மண்தரையிலேயே தொழிலைத் தொடங்கினார். கைக்குழந்தையோடு நானும் கம்பெனியிலிருந்து நின்றுவிட்டேன். இப்போது மெயின் ரோட்டில் ஷெட், தூக்கி நிறுத்த மெஷின் எல்லாம் இருக்கிறது. நான் சொல்வது அதற்கு முந்திய கதை.

ஹாலோ பிளாக்

அப்போது எங்களிடம் இருந்தது ஒரு ஜாக்கியும், பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தில் மிஞ்சிய பத்துப் பதினைந்து ஹாலோ பிளாக் கல்லும்தான். ஜாக்கியால் வண்டியைத் தூக்க வேண்டியது, இரண்டு கல்லை அடுக்கி அதன்மேல் வண்டியை இறக்க வேண்டியது, அடியில் போய்ப் படுக்க வேண்டியது. எல்லா இடத்திலும் அப்படித்தான் செய்தார்கள். இவரும் லாரி ஷெட்டில் அப்படித்தான் கற்றுக்கொண்டு வந்தார். எனக்கும் அது சரியா தப்பா என்று யோசிக்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் தணிகாசலம் என்கிற டிரைவர் தன் ஸ்டாஃப் வேனைக் கொண்டுவந்து விட்டார். பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் கழற்றி, கல்மேல் ஏற்றி, இவர் அடியில் போய்விட்டார். நான் டார்ச்சோடு குத்த வைத்திருந்தேன். உள்ளே குழந்தை சிணுங்குகிற மாதிரி இருந்ததா, கவனம் அங்கே போய்விட்டது. டார்ச் வெளிச்சம் இவர் கண்ணில் நேராக அடித்திருக்கிறது. "அய்ய, கண்ணு அவிஞ்சி பூடும் போலக் கீது! இரு, வெளிய வந்து ஒனக்கு எங்க புடிக்கணும்னு காட்றேன்" என்று கத்திக்கொண்டே முதுகால் நகர்ந்து நகர்ந்து வெளியே வந்தார். எழுந்து நின்று, பேண்டைத் தட்டிவிட்டு, என்னைத் திட்டுவதற்காக வாயைத் திறந்தார். அப்போது, யாரோ முறுக்கைக் கடித்தது போல ஒரு சத்தம் கேட்டது. அவ்வளவுதான். கல் பொடிப்பொடியாக உதிர, வேனின் பின்பக்கம் தொப்பென்று தரையில் உட்கார்ந்தது.

இவர் வாய் திறந்தபடியே இருந்தது, திட்டு வரவில்லை. படுப்பதற்காக விரித்திருந்த அட்டைப்பெட்டியின் ஒரு முனை மட்டும் வெளியே தெரிந்தது. அதை இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. எதற்காக இழுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பகல் பதினோரு மணிக்கு, எரிகிற டார்ச்சைக் கையில் பிடித்துக்கொண்டு நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற தணிகாசலம் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கி அணைத்தார். பிறகு சொன்னார்: "அண்ணி, நீங்க எப்பவும் டார்ச்ச இதே மாரி தப்பாவே புடிங்க."

நிஜாம் பாய்

அன்றைக்கே எல்லாக் கல்லையும் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டேன். "அடுத்த மாசம் டவுன்ல போய் நல்ல ஸ்டாண்டா பாத்து வாங்கிகினு வர்றேன்" என்றார் இவர். "அடுத்த மாசம் வரைக்கும் நீங்க அடியில போகக் கூடாது" என்றேன். வேலை நின்றால் அடுப்பு நிற்கும். ஆகவே மறுநாளே குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரகடம் கூட்ரோட்டில் கேட், கிரில் செய்கிற நிஜாம் பாயிடம் போனேன். குட்டையான முக்காலி மாதிரி, கனமான இரும்பில், தலையில் வண்டியின் ஆக்சில் வழுக்காமல் உட்காரப் பள்ளத்தோடு நான்கு வேண்டும் என்று கையாலேயே படம் போட்டுக் காட்டினேன். அவருக்குப் புரிந்துவிட்டது. மூன்றாம் நாள் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். சிவப்புப் பெயின்ட் அடித்து, பார்க்க அழகாக இருந்தது.

எனக்குப் பெயின்ட் போதவில்லை. செக்கிங்கில் நான் பார்த்த வேலை என்ன? ஒட்டியிருக்கிற வயரை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துப் பார்ப்பது. வரவில்லை என்றால்தான் 'ஓகே' முத்திரை. இந்த இரும்பை எப்படி இழுத்துப் பார்ப்பது? தெரியாததால் செய்தவரையே கேட்டேன். "பாய், இது மேல வேனை நிறுத்தினா, அடியில நீங்க படுப்பீங்களா?" நிஜாம் பாய் ஒரு ஸ்டாண்டை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார். பற்றவைத்த இடத்தை விரலால் தடவினார். நான்கையும் மறுபடி கேரியரில் கட்டிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டார். "செஞ்சிகினு வந்த மனுசன அனுப்பிட்டியே" என்று இவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து வந்தார். ஒவ்வொரு காலுக்கும் நடுவே குறுக்குப் பட்டை, அடியில் மண்ணில் புதையாமல் இருக்க அகலத் தகடு, எல்லாம் புதிதாக ஏறியிருந்தன. தணிகாசலத்தின் வேனிலேயே சிமெண்ட் மூட்டைகளை ஏற்றி, நான்கு ஸ்டாண்டின் மேலும் நிறுத்தி, ஒரு முழுநாள் யாரும் அடியில் போகாமல் அப்படியே விட்டோம். மறுநாள் காலை நிஜாம் பாய் வந்து, தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. தொப்பியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஒரு நியூஸ்பேப்பரை விரித்தார். யாரும் சொல்லாமலே அடியில் போய்ப் படுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் இருக்கும். எனக்கு அது ஐந்து மணி நேரம். வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "கேட்டு, கிரில்லு எத்தினியோ செஞ்சி குடுத்துகீறேம்மா. நான் செஞ்சதுக்குக் கீழ நானே படுத்துப் பாத்தது இதான் மொத தபா."

சாவி

ஸ்டாண்டு வந்துவிட்டது, இனி பயமில்லை என்று நினைத்தேன். ஆபத்து மேலேயிருந்து மட்டும்தான் வரும் என்று அப்போது எனக்கு ஒரு நம்பிக்கை.

மறுபடியும் தணிகாசலத்தின் வேன்தான். பின்பக்கம் ஸ்டாண்டின் மேல். சக்கரத்துக்குச் சுழற்சி கொடுக்கிற நீளமான தண்டு ஒன்று வண்டியின் நடுவே ஓடும். இவர் அதற்குப் பக்கத்தில் கையை விட்டு ஒரு போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் டீ குடிக்கப் போயிருந்தார். நான் குழந்தைக்குச் சோறு ஊட்ட உள்ளே போயிருந்தேன். இரண்டு மணி ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வேண்டிய நேரம் நெருங்கிவிட்டதே என்று அவசரமாக ஓடிவந்த தணிகாசலம், வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து, ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டார். வண்டி கியரில் இருந்திருக்கிறது. தண்டு சுற்ற ஆரம்பித்தது. இவர் போட்ட அலறலில் சோற்றுக் கிண்ணத்தோடு ஓடிவந்து, கிண்ணத்தாலேயே வேனின் கதவை அடித்தேன். என்ஜின் நின்றது. இவர் வெளியே வந்தபோது வலது பக்கச் சட்டைக் கை தோள் வரைக்கும் இல்லை. கையில் நீளமாகத் தோல் உரிந்திருந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை. நல்லவேளையாக அது பழைய சட்டை. புதுத்துணியாக இருந்திருந்தால் கிழிந்திருக்காது, கையையும் சேர்த்து இழுத்திருக்கும் என்று இவர் பிறகு சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு சட்டம். வண்டியை விட்டதும் சாவி என்னிடம் வந்துவிட வேண்டும். வாங்கித் தாலிக்கயிற்றில் இருக்கிற ஊக்கில் மாட்டிக்கொள்வேன். இவர் வெளியே வந்து, எழுந்து, கையைத் துடைத்த பிறகுதான் கழற்றுவேன். சில பேர் முகம் சுளித்தார்கள். "சாவி குடுத்துட்டுப் போனா வண்டியவே மாத்திருவியா?" என்று ஒருவர் கேட்டார். தணிகாசலம் ஒரு மாதம் எங்கள் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு நாள் வேனை நிறுத்தி இறங்கி, நான் கேட்பதற்கு முன்னால் சாவியை நீட்டினார். "புடிங்க அண்ணி. அன்னிக்கி நான் மணியத்தான் பாத்தேன். கீழ ரெண்டு காலு கீதான்னு பாக்கவே இல்ல."

பெயர் சொல்லாத ஆபீசர்

அவர் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். பெயரைச் சொல்ல மாட்டேன்; ஏன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தன்னுடைய காரைக் கொண்டுவந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பளபளக்கும் ஷூ. வந்ததும் எங்கள் வாசலை ஒரு சுற்றுச் சுற்றினார். "ஹெல்மெட் எங்கே? கிளவுஸ் எங்கே? கண்ணாடி எங்கே?" என்று வரிசையாகக் கேட்டார். கண்ணாடி விஷயம் எனக்கு நியாயமாகப் பட்டது. அடியில் படுத்திருக்கும்போது துரு உதிர்ந்து கண்ணில் விழுந்து, நான் தாய்ப்பால் விட்டுக் கழுவிய நாட்கள் உண்டு. தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டோம். என் வீட்டுக்காரர் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கிவிட்டு, ஸ்டாண்டு எடுக்க வீட்டுக்குப் பின்னால் போனார்.

ஆபீசர் குனிந்து எதையோ பார்த்தார். சட்டைப்பையிலிருந்த செல்போன் நழுவி, உருண்டு, காருக்கு அடியில் போய்விட்டது. அந்தக் காலத்தில் செல்போன் என்பது சாதாரணமா? அவர் அப்படியே குப்புறப் படுத்து உள்ளே நுழைந்துவிட்டார். நான் கதவுப்பக்கம் நின்றவள் திரும்பிப் பார்த்தால், வெளியே பளபளக்கும் இரண்டு ஷூ மட்டும் தெரிகிறது. வண்டி ஒற்றை ஜாக்கியில் நிற்கிறது. கத்தினால் திடுக்கிட்டுத் தலையைத் தூக்குவார், வண்டியை இடிப்பார். குரலைத் தணித்து, "சார், மெதுவா வாங்க. ஜாக்கியில இடிச்சிராதீங்க" என்றேன். இவரும் இரண்டு கையிலும் ஸ்டாண்டோடு வந்து, அப்படியே கல்லாக நின்றுவிட்டார்.

ஆபீசர் வெளியே வந்தார். நெற்றியில் திருநீற்றுப் பட்டை மாதிரி கிரீஸ். கையில் போன். முதலில் எங்களைப் பார்த்தார்; பிறகு ஜாக்கியைப் பார்த்தார்; பிறகு இவர் கையில் இருந்த ஸ்டாண்டைப் பார்த்தார். அதுவரை சிவந்திருந்த முகம் வெளுத்துப் போயிற்று. நான் தண்ணீர் கொடுத்தேன். முழுவதும் குடித்துவிட்டு, மெதுவான குரலில் சொன்னார்: "மேடம், நாளைக்கு எங்க கம்பெனில இதப் பத்திதான் நான் கிளாஸ் எடுக்கணும். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

இறங்க மறுத்தவர்

பிள்ளைப்பாக்கத்துக் கன்னியப்பன் ஐயாவுக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைக் கார். ஓட்டத் தெரியாது, ஓட்டுவதற்கு அவருடைய அண்ணன் மகன் வருவான். காரைத் தூக்க வேண்டும், இறங்குங்கள் என்றால் இறங்க மாட்டேன் என்றார். முன்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "நான் பாட்டுக்கு உக்காந்துகினு கீறேன், நீ பாட்டுக்கு வேலயப் பாரு" என்கிறார். ஆளை வைத்துக்கொண்டு வண்டியைத் தூக்கினால், அவர் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தாலும் வண்டி ஆடும். ஆடுகிற வண்டிக்கு அடியில் யார் போவது? "நீங்க எறங்குனாத்தான் நான் ஜாக்கியவே தொடுவேன்" என்று இவரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் இரண்டு பேரும் அசையவில்லை.

நான் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து காரின் கதவை ஒட்டிப் போட்டேன். "ஐயா, இங்க உக்காந்தா வண்டி உங்க கைக்கு எட்டும். சாயாம, சும்மா தொட்டுக்கிட்டு மட்டும் இருங்க" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு வேட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். வேலை நடந்த ஒரு மணி நேரமும் உள்ளங்கையைக் கதவின் மேல் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். கொஞ்சம்கூட அழுத்தவில்லை, தூங்குகிற குழந்தையின் மேல் வைக்கிற கை மாதிரி. மோர் கொடுக்கும்போது, "இறங்குறதுக்கு ஏன் ஐயா அவ்வளவு யோசிச்சீங்க?" என்று கேட்டேன். மோரைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார்: "ஒனக்கு இது காரும்மா. எனக்கு ரெண்டு ஏக்கரா நெலம். கம்பெனிக்காரன் கேட்டப்ப ஒரு தபா எறங்கிக் குடுத்துட்டேன். நீ இன்னொரு தபா எறங்கச் சொல்றியே."

குழி

ஒரு மழைக்காலத்தில் ஸ்டாண்டின் ஒரு கால் நான்கு விரல் அளவுக்கு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. அடித்தகடு இருந்தும் இறங்கியது. இவர் அடியில் போவதற்கு முன்னால் நான் ஒவ்வொரு காலையும் குனிந்து பார்க்கிற பழக்கம் வைத்திருந்ததால் கண்ணில் பட்டது. பலகை போட்டு அன்றைக்குச் சமாளித்தோம். வண்டியைத் தூக்குவதால்தானே இவ்வளவு பயம், வண்டி தரையிலேயே நிற்கட்டும், ஆள் குழிக்குள் இறங்கி நின்று வேலை பார்க்கட்டும் என்று இவருக்கு ஒரு யோசனை வந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டி, சிமெண்ட் பூச வீட்டுக்கார அம்மாவிடம் அனுமதி கேட்டோம். கோகிலாம்மா இடுப்பில் கை வைத்தபடி வாசலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். சிமெண்ட் தளம் மட்டும் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு, குழிக்கு ஒரே போடாகப் போட்டார்: "வூட்டுக்கு முன்னால ஆறடிக்குக் குழி வெட்டி வெச்சா, போறவன் வரவன்லாம் யாரு பூட்டாங்கன்னு கேக்க மாட்டான்?"

இசக்கி

எங்கள் தெருவில் நான்காவது வீட்டு மாடியில் சங்கரன்கோவில் பக்கத்துப் பையன்கள் நாலு பேர் ரூம் எடுத்திருந்தார்கள். எல்லாரும் கம்பெனி வேலை. அதில் இசக்கி என்பவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். என் பேச்சைக் கேட்டதும் நம்ம ஊர்ப் பக்கம் என்று தெரிந்துகொண்டு, 'யக்கா, யக்கா' என்று சுற்றி வருவான். அவனும் அவனுடைய பெரியப்பா மகனும் சேர்ந்து பழைய ஷேர் ஆட்டோ ஒன்று வாங்கியிருந்தார்கள். ஸ்டேஷனுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே அண்ணன் ஓட்டுவான். ரிப்பேரெல்லாம் இசக்கியே பார்ப்பான். "இங்கே கொண்டுவா, இல்லாட்டா ஸ்டாண்டையாவது எடுத்துட்டுப் போ" என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சின்ன வண்டிதானக்கா, அதுக்கு எதுக்கு ஸ்டாண்டு?" என்பான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அவனுடைய அண்ணன் செருப்பில்லாமல் ஓடிவந்தான். தன் வீட்டுப் பக்கம் கையால் காட்டினான். இவர் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான் கைக்கு ஒன்றாக இரண்டு ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன். சாதாரண நாளில் ஒன்றைத் தூக்கவே மூச்சு வாங்கும் எனக்கு. அங்கே, அரைச்செங்கல்லின் மேல் வைத்திருந்த ஜாக்கி நழுவி, ஷேர் ஆட்டோ இசக்கியின் இடது தோளையும் நெஞ்சையும் அமுக்கியபடி கிடந்தது. கழற்றிய சக்கரத்தை அவன் தற்செயலாகத் தன் பக்கத்திலேயே, வண்டிக்கு அடியில் படுக்க வைத்திருந்திருக்கிறான். பாதிப் பாரத்தை அந்தச் சக்கரம் வாங்கிக்கொண்டது. இல்லாவிட்டால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். சுற்றி ஆறேழு பேர் வண்டியைத் தூக்கக் கை வைத்துவிட்டார்கள். "தூக்காதீங்க! கை நழுவுனா மறுபடி அவன் மேலதான் வுழும்!" என்று இவர் போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் கையை எடுத்தார்கள். பலகை போட்டு ஜாக்கியை வைத்து, ஒரு அங்குலம் தூக்கி, நான் ஒரு ஸ்டாண்டைச் சொருக, மறுபக்கம் ஒரு அங்குலம் தூக்கி, இன்னொன்றைச் சொருக... அவனை மெதுவாக வெளியே எடுத்தோம். அன்றைக்கு இவரால் தட்டில் சோற்றைப் பிசைய முடியவில்லை.

காரை எலும்பு முறிவு, விலாவில் இரண்டு விரிசல். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பத்து நாள், ஊரில் மூன்று மாதம். பிழைத்துக்கொண்டான். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது வேறு. வண்டியை ஜாக்கி தூக்கிக்கொண்டிருந்த நேரம். அவன் கண்ணை மூடிவிடக் கூடாதே என்று நான் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அவன் முகத்தைப் பார்த்து, "இசக்கி, என்னைப் பாரு. ஏதாவது பேசு. எதையாவது சொல்லு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். உதடு காய்ந்து, மூச்சு பாதிப் பாதியாக வந்துகொண்டிருந்தது. அந்த நிலைமையில் அவன் சொன்னது இதுதான்: "யக்கா, இன்னைக்கு எனக்கு பி ஷிப்டு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு லீவு சொல்லிருதியளா?"

வாங்கிப் போகிறவர்கள்

அதற்குப் பிறகு தெருவில் யார் வண்டிக்கு அடியில் போனாலும் எங்கள் வீட்டு ஸ்டாண்டைக் கேட்டு வந்தார்கள். நிஜாம் பாயிடம் சொல்லி இன்னும் இரண்டு செய்து வைத்துக்கொண்டோம். "தொழில் சாமான யாராவது இரவல் குடுப்பாங்களா?" என்று ஆரம்பத்தில் முணுமுணுத்த இவர், பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே துடைத்து வாசலில் எடுத்து வைக்க ஆரம்பித்தார். வாடகையெல்லாம் கிடையாது. ஒரே ஒரு கட்டளை மட்டும் வைத்திருந்தேன்: யார் வாங்கிக்கொண்டு போகிறாரோ அவரேதான் திருப்பிக் கொண்டுவர வேண்டும். வேறு ஆளிடம் கொடுத்தனுப்பக் கூடாது.

ஊரிலிருந்து திரும்பி வந்த இசக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக ஸ்டாண்டு கேட்டு வந்தான். தோள் இன்னும் ஒரு பக்கம் தாழ்ந்துதான் இருந்தது. ஜாக்கியை எங்கே வைக்க வேண்டும், வண்டியை எப்படி ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று இவர் கால் மணி நேரம் சொல்லி அனுப்பினார். நான்கு மணி இருக்கும், அடுப்பில் உலை கொதிக்கிறது. வாசலில் இரும்பு இறங்குகிற சத்தம். போய்ப் பார்த்தால் இசக்கி இல்லை. அவன் ரூமில் புதிதாக வந்து சேர்ந்த ஒரு பையன், யாரோடும் அதிகம் பேசாதவன், இரண்டு ஸ்டாண்டையும் வைத்துவிட்டுத் திரும்பிப் போகிறான். "இசக்கி எங்கே?" என்றேன். "வரல" என்றான். "ஏன் வரல?" "அவனால வர முடியாதுன்னு சொல்லச் சொன்னாங்க" என்றான். சொன்னாங்க. யார் சொன்னாங்க? உலையை அப்படியே விட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினேன். பின்னால் இவர் "இன்னாமே, இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வருகிறார்.

ஷேர் ஆட்டோ மூன்று சக்கரத்திலும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், இடுப்பில் துண்டோடு, தலையிலிருந்து கால் வரைக்கும் சோப்பு நுரையாக ஒருவன் நின்றுகொண்டிருந்தான். கிரீஸ் போகவில்லையாம், மூன்றாவது தடவை சோப்புப் போடுகிறானாம். அதனால்தான் வர முடியாது என்று அண்ணனை விட்டுச் சொல்லியனுப்பியிருக்கிறான். நான் அவனைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தேன். இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் சரியாக இருந்தது. அப்படியே அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூச்சிரைக்க வந்து நின்ற இவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, கண்ணிலிருந்த நுரையை வழித்துக்கொண்டே இசக்கி கேட்டான்: "என்னக்கா இது, எல்லாரும் ஸ்டாண்டை எண்ணித்தான் வாங்கி வைப்பாங்க. நீங்க ஆளை எண்ணுதியளே!"

எங்கள் வாசலில் அந்த ஏழு வருஷமும் வண்டிக்கு அடியில் போன மனுஷர் ஒரு தடவைகூட வெளியே வராமல் இருந்ததில்லை; போன நிறத்திலேயே வெளியே வந்ததும் ஒரு தடவைகூட இல்லை.